பழைய பொருள்களில் குழுக் கைவினை: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகக் கட்டடத்தில் சனிக்கிழமைதோறும் 8 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகள் கூடி, வீட்டில் மிஞ்சும் பொருள்களைக் கொண்டு ஏதேனும் செய்து பழகுகிறார்கள். இதைப் போன்ற வகுப்பைத் தங்கள் பள்ளியிலோ தெருவிலோ தொடங்க விரும்புகிறவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எங்களுக்குத் தெரிந்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

கழிவுப் பொருளில் எதையாவது செய்ய வைத்தாலே பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை வந்துவிடுமா?

வராது. இதை நாங்கள் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டோம். பிளாஸ்டிக் பாட்டிலில் பென்சில் தாங்கி செய்யப்போகிறோம், ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வாருங்கள் என்று அறிவித்தோம். அடுத்த வாரம் வந்த பாட்டில்களில் பல, இதற்காகவே கடையில் வாங்கிக் காலி செய்யப்பட்டவை. "வீட்டுல பாட்டில் இல்லீங்க, அதான் ஜூஸ் வாங்கி ஊத்தி வச்சிட்டு எடுத்துட்டு வந்தோம்" என்று ஒரு தாய் சொன்னார். பிறகு அந்தப் பாட்டில்களின்மேல் ஜிகினாத் தூளையும் புதிய வண்ணத்தாளையும் தெர்மாகோல் உருண்டைகளையும் ஒட்டினோம். கண்காட்சி முடிந்த சில நாள்களில் அவற்றில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. பசையும் ஜிகினாவும் ஏறியிருந்ததால் பழைய பொருள் கடைக்காரரும் அவற்றை எடுக்க மறுத்தார். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் அந்தப் பாட்டில்கள் எடைக்குப் போய், உருக்கப்பட்டு, நாராகவோ வேறு பொருளாகவோ மாறியிருக்கும்.

அன்றிலிருந்து எந்தச் செய்முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் மூன்றைக் கேட்டுக்கொள்கிறோம். இந்தப் பொருள் நம் வீட்டில் ஏற்கெனவே கழிவாகக் கிடந்ததா? செய்து முடித்ததை யாராவது அன்றாடம் பயன்படுத்துவார்களா? அது பழுதாகும் நாளில் மண்ணுக்கோ எடைக்கோ போக முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத செய்முறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுகிறோம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முந்தைய வாரத்திலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் வீட்டு உலர்ந்த கழிவை ஏழு நாள் ஒரு சாக்குப்பையில் சேர்த்துக் கொண்டு வருகிறார்கள். தரையில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, குழுவாக அமர்ந்து, அதைக் கொட்டி வகைபிரிக்கிறார்கள். தாள், அட்டை, துணி, தகரம், கண்ணாடி, பிளாஸ்டிக் என்று குவியல்கள் எழும். ஒவ்வொரு குவியலையும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுகிறோம். எந்தச் சொற்பொழிவும் செய்ய முடியாத வேலையை அந்தத் தராசு செய்துவிடுகிறது.

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டிலுள்ள தீங்கான கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னவை. அதைப் பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். தம் கையால் பிரித்தால் கேள்வி கேட்பார்கள். பால் உறை எடைக்குப் போகிறது, சிப்ஸ் உறை மட்டும் ஏன் போகவில்லை என்று ஒன்பது வயதுச் சிறுமி கேட்டாள். சிப்ஸ் உறையில் வெவ்வேறு பிளாஸ்டிக் படலங்களும் அலுமினியப் பூச்சும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம், பால் உறை ஒரே வகைப் பிளாஸ்டிக் என்பதால் எளிதில் உருக்கலாம் என்று விளக்கினோம். அதற்குப் பிறகு பாட்டில்களின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைத் தேடுவது ஒரு விளையாட்டாகவே மாறியது. தண்ணீர்ப் பாட்டிலில் 1, ஷாம்பு டப்பாவில் பெரும்பாலும் 2, தயிர் டப்பாவில் பெரும்பாலும் 5 என்று அவர்களே பட்டியல் எழுதினார்கள்.

முடிந்தால் ஒருநாள் பிள்ளைகளைப் பழைய பொருள் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். எதற்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்பதை அந்தக் கடைக்காரரைப்போல் தெளிவாகச் சொல்லக்கூடிய ஆசிரியர் யாரும் இல்லை.

கைவினைக்கு எவை ஏற்றவை, எவை கூடாது?

செய்தித்தாள், எழுதி முடித்த நோட்டு, அட்டைப்பெட்டி, கிழிந்த துணி, கொட்டாங்குச்சி, முட்டை ஓடு, காய்ந்த ஓலை, விதைகள், வளையல் அட்டை, பழைய சட்டைப் பொத்தான் ஆகியவை போதும். இவற்றைக் கொண்டே இரண்டு ஆண்டு வகுப்பு நடத்தலாம்.

மருந்து அட்டை, மருந்து ஏற்றும் ஊசி, குழல் விளக்கு, பழைய பேட்டரி, பூச்சிமருந்து டப்பா, உடைந்த கண்ணாடி, கல்நார்க் கூரைத் துண்டு ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது. பழைய வகைக் குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது. சில பேட்டரிகளில் ஈயமோ காட்மியமோ இருக்கிறது. இவை பையில் வந்துவிட்டால் திட்டாமல், பெரியவர் ஒருவர் தனியே எடுத்து வைத்துவிட்டு, இது ஏன் தனி என்பதைச் சொல்லுங்கள்.

சேகரித்த பொருள்களை மழை படாத இடத்தில், கவிழ்த்து வைக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கொட்டாங்குச்சியில் தேங்கும் நீரே போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வகுப்பறைக்கு வெளியே கொட்டாங்குச்சியைக் குவித்துவைத்துவிட்டுச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துவது சரியாகாது.

தனித்தனியாகச் செய்யாமல் ஏன் குழுவாகச் செய்ய வேண்டும்?

காற்றும் நீரும் மண்ணும் பொதுவானவை என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, பொதுவான ஒரு பொருளைப் பகிர்ந்து பழகச் செய்வது எளிது. ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டு கத்தரிக்கோல், ஒரு கிண்ணம் பசை, ஒரு குவியல் தாள் என்று வேண்டுமென்றே குறைவாக வைக்கிறோம். முதல் நாள் சண்டை வரும். இரண்டாம் வாரம், "நீ வெட்டி முடிக்கிற வரைக்கும் நான் மடிச்சு வைக்கிறேன்" என்று தாமே ஏற்பாடு செய்துகொள்வார்கள். ஆளுக்கொரு பெட்டி நிறையப் பொருள் கொடுத்த வகுப்புகளில் தரையெங்கும் துண்டுகள் சிதறிக் கிடப்பதையும், பங்கிட்ட வகுப்பில் வெட்டிய ஓரத்தாளைக்கூட அடுத்தவர் வாங்கிக்கொள்வதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

குழுவில் வயது கலந்திருப்பது நல்லது. சிறியவர்கள் தாள் கிழிக்கலாம், நிறம் தீட்டலாம். ஊசி நூலும் கத்தரிக்கோலும் வயதில் மூத்த பிள்ளைகள் கையில் இருக்கட்டும். ஒருவரே தலைவராக இருந்துவிடாமல் வாரந்தோறும் பொறுப்பு மாற வேண்டும். இடத்தைப் பெருக்கும் பொறுப்பும் அப்படித்தான். அது பெண்பிள்ளைகள் பக்கமே தானாகச் சாய்ந்துவிடும், கண்ணும் கருத்துமாகப் பார்த்துத் திருத்த வேண்டும்.

முதலில் செய்வதற்கேற்ற ஒரு செய்முறையை முழுமையாகச் சொல்ல முடியுமா?

காகிதக் கூழ்க் கூடையைச் சொல்கிறோம். இது எந்த இணையக் காணொளியும் வருவதற்கு முன்பே நம் வீடுகளில் இருந்தது. மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைக்க வெந்தயமும் காகிதமும் சேர்த்து அரைத்து மெழுகிய பாட்டிமார்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதே கூழைப் பானையின்மேல் அப்பிக் காயவைத்துக் கூடையும் செய்தார்கள்.

எழுதி முடித்த நோட்டுகளிலிருந்து கம்பிப் பின்களை நீக்கிவிட்டு, தாள்களை விரல்நக அளவுக்குக் கிழித்துத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவிடுங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். ஒரு வாளித் தாளுக்கு இரண்டு கைப்பிடி வெந்தயம் என்ற கணக்கில் முதல்நாள் இரவே தனியாக ஊறவையுங்கள். ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்புதான் இங்கே பசை. அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பார்கள். இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லிலோ பழைய கிரைண்டரிலோ இட்லி மாவைவிடக் கெட்டியாக அரைக்க வேண்டும். அரைத்த கூழைத் துணியில் கட்டிப் பிழியும்போது பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து முறுக்குவார்கள். குழுவாக வேலை செய்வதன் சுவையை அவர்கள் உணரும் இடம் அதுதான்.

ஒரு குண்டானைக் கவிழ்த்து, அதன்மேல் நனைந்த பழைய துணியைப் போர்த்தி, கூழை உள்ளங்கையால் தட்டித் தட்டி ஒரே கனமாக அப்ப வேண்டும். சுண்டுவிரலின் பாதிக் கனம் இருந்தால் போதும். அடியிலிருந்து விளிம்பை நோக்கி அப்பினால் விரிசல் குறையும். முதல்நாள் நிழலிலும் பிறகு வெயிலிலும் காயவைத்தால் நான்கைந்து நாளில் தட்டினால் அட்டையைப்போல் ஓசை எழுப்பும். அப்போது துணியோடு கழற்றி, துணியை உரித்துவிடலாம். விளிம்பில் பழைய சேலைக் கிழிசலைத் தைத்தால் நீண்டநாள் உழைக்கும். பூண்டு, வெங்காயம், தையல் சாமான் வைக்கலாம். அச்சடித்த செய்தித்தாளில் செய்ததாக இருந்தால் சாப்பாட்டுப் பொருள் நேரடியாகப் படும்படி வைக்காதீர்கள்; செய்தித்தாளில் உணவைப் பொதிவதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே எச்சரித்திருக்கிறது.

வாரம் ஒருமுறை கூடுவதால் மூன்று வாரம் நீளும் இந்த வேலையைச் சிலர் நீண்டது என்பார்கள். ஒரு மணி நேரத்தில் முடியும் கைவினையைவிட, காய்வதற்காகக் காத்திருக்க வைக்கும் கைவினையே எங்களுக்குப் பிடித்திருக்கிறது. கிழிந்துபோன தன் கணக்கு நோட்டு கூடையாகி, வீட்டுச் சமையலறையில் பூண்டு தாங்கி நிற்பதைப் பார்க்கும் பிள்ளை, அடுத்த நோட்டைப் பாதியில் தூக்கிப்போடத் தயங்குகிறது.

பசைக்கும் வண்ணத்துக்கும் என்ன செய்வது?

மைதாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் கிளறினால் பசை ஆயிற்று. புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் வகுப்பில் அது வேண்டவே வேண்டாம். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே காய்ச்சிக்கொண்டால் போதும். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்துக் காய்ச்சிய பசை இன்னும் உறுதியானது. சூடான பசைத் துப்பாக்கி பெரியவர் கையில்கூட விரலைச் சுடும், அதைத் தவிருங்கள்.

வண்ணத்துக்குச் செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள், பீட்ரூட் சாறு உண்டு. மஞ்சளுடன் சிறிதளவு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாகும் என்பதைப் பெரியவர் செய்துகாட்டலாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. இந்த நிறங்கள் நாளடைவில் மங்கும். மங்கட்டும், மறுபடி தீட்டலாம். ஜிகினாத் தூள் மட்டும் எங்கள் வகுப்புக்குள் வருவதில்லை. அதன் ஒவ்வொரு பொடியும் சாக்கடை வழியே போய்ச் சேரக்கூடிய நுண்பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் பாட்டிலை அறவே ஒதுக்கிவிட வேண்டுமா?

ஒதுக்க வேண்டியதில்லை, அளவாக எடுத்துக்கொள்ளலாம். பசையோ வண்ணமோ பூசாமல் வெட்டி, நாற்று வளர்க்கவோ புனலாகவோ பயன்படுத்தினால், வேலை முடிந்ததும் கழுவி எடைக்குப் போட்டுவிடலாம். வெயிலில் மாதக்கணக்கில் தொங்கவிட்டால் நொறுங்கி மண்ணோடு கலக்கும் என்பதால் மாடித்தோட்டத்தில் பாட்டில் தொட்டிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எளிய பொருள்களைக் கொண்டு அறிவியல் சொல்லித்தர விரும்பினால் அரவிந்த் குப்தாவின் வழியைப் பாருங்கள். ஐஐடி கான்பூரில் பொறியியல் படித்த இவர், தீக்குச்சி, சைக்கிள் வால்வுக் குழாய், பழைய பாட்டில், செய்தித்தாள் ஆகியவற்றைக் கொண்டு நூற்றுக்கணக்கான அறிவியல் பொம்மைகளை உருவாக்கியவர். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய பொம்மைகள் சிலவற்றில் பசையே இருக்காது. பிரித்து மறுபடி சேர்க்கலாம். எங்கள் பிள்ளைகள் அதே எண்ணத்தில் முட்டை ஓட்டைக் கொண்டு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை செய்தார்கள். கழுவிக் காயவைத்த ஓட்டின் அடியில் மணலும் உருகிய மெழுகும் இட்டு உறையவிட்டால், எடை அடியில் தங்குவதால் எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்து நிற்கும். மெழுகு உருக்கும் வேலை பெரியவருடையது.

துணியில் என்ன செய்யலாம்?

துணிதான் எங்களுக்கு மிகவும் விருப்பமான பொருள், ஏனென்றால் அதில் நினைவு இருக்கிறது. தம்பி பிறந்தபோது கட்டிய சேலை, அப்பாவின் கிழிந்த லுங்கி என்று ஒவ்வொரு துண்டுக்கும் பிள்ளைகளிடம் கதை உண்டு.

2004 டிசம்பரில் சுனாமி தாக்கிய பிறகு, ஆரோவில்லில் உள்ள உபாசனா நிறுவனம் கரையோரத்து மீனவப் பெண்களுக்குத் துணித் துண்டுகளில் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுத்தந்தது. சுனாமிகா என்று பெயரிடப்பட்ட அந்தப் பொம்மை விற்கப்படுவதில்லை, கொடுக்கப்படுகிறது. விரும்புகிறவர்கள் நன்கொடை அளிக்கிறார்கள். தையல் கடையில் விழும் துண்டுகளைக் கேட்டு வாங்கி, விரலளவு பொம்மைகள் செய்து, பெயர் தெரியாத யாருக்காவது கொடுத்துவிடுவது என்ற பயிற்சியை எங்கள் பிள்ளைகள் மிகவும் விரும்பினார்கள்.

அடுத்தது பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்ற இயக்கத்தை அரசு தொடங்கியது. தடையைப் பற்றிப் பேச்சுப்போட்டி வைப்பதைவிட, பழைய வேட்டியில் பை தைத்து, அதை மடித்துத் தாயின் கைப்பையிலோ தந்தையின் வண்டிப் பெட்டியிலோ வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைப்பது பயன் தரும். வீட்டில் பை மறந்துபோகும் இடம் அலமாரி; வண்டியில் இருந்தால் மறக்காது.

"என் பிள்ளை குப்பையைத் தொடக் கூடாது" என்று பெற்றோர் சொன்னால்?

இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கம் உண்டு. நோய் வருமோ என்ற அச்சம் நியாயமானது. கழுவிக் காயவைத்த உலர்ந்த பொருள் மட்டுமே வகுப்புக்கு வரும், வேலைக்கு முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுவோம், தெருவில் கிடப்பதைப் பொறுக்கச் சொல்ல மாட்டோம் என்று உறுதி சொன்னால் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்கிறார்கள்.

மற்றொரு பக்கத்தைப் பேசாமல் விடக் கூடாது. குப்பையைத் தொடுவது ஒரு சாரார் வேலை, நம் வேலை அன்று என்ற எண்ணம் நம் சமூகத்தில் சாதியோடு சேர்ந்து ஊறியிருக்கிறது. அந்த எண்ணம் இருக்கும் வீட்டில் எத்தனை கைவினை செய்தாலும், ஈரக் குப்பையும் உடைந்த கண்ணாடியும் ஒரே பையில் கட்டப்பட்டு, இன்னொருவர் கையைக் கிழிக்கும். எங்கள் வகுப்பில் இதை நேராகவே பேசுகிறோம். குப்பைக்காரர் என்று சொல்லாமல், தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரோடு அக்கா, அண்ணன் என்று சேர்த்து அழைக்கச் சொல்கிறோம். ஒரு சனிக்கிழமை அப்படி ஓர் அக்காவை வகுப்புக்கு அழைத்தோம். பிரிக்காத பையைத் திறக்கும்போது கை என்ன ஆகும் என்று அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மறுவாரம் பிள்ளைகள் வீட்டில் உடைந்த கண்ணாடியைப் பெரியவர்களைக் கொண்டு அட்டையில் சுற்றச் செய்து, மேலே "கண்ணாடி, கவனம்" என்று எழுதும் பழக்கத்தைத் தாமே தொடங்கினார்கள்.

போட்டியும் பரிசும் வைக்கலாமா?

வேண்டாம். பரிசு என்றதும் வேலை பெற்றோர் கைக்குப் போய்விடுகிறது, புதுப்பொருள் உள்ளே வந்துவிடுகிறது. எல்லாருடைய பொருளையும் ஒரு மாலை வரிசையாக வைத்து, செய்தவர்களே வந்தவர்களுக்கு விளக்கினால் போதும்.

பள்ளி நேரத்தில் இதற்கு இடம் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்பதற்கு அடிப்படையும் இருக்கிறது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் ஆணையிட்டது. பல பள்ளிகளில் தேசிய பசுமைப் படை என்ற மாணவர் அமைப்போ சுற்றுச்சூழல் மன்றமோ பெயரளவிலாவது இருக்கிறது. அதன் பொறுப்பாசிரியரிடம் மாதத்துக்கு இரண்டு பாடவேளை கேட்டுத் தொடங்குங்கள்.

பிள்ளைகளிடம் மாற்றம் வந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

அதே தராசுதான். ஆறு மாதம் கழித்து மறுபடி ஏழு நாள் கழிவைச் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது மட்டுமே கணக்கன்று; பைக்குள் என்ன வருகிறது என்பதையும் கவனியுங்கள். எங்கள் பிள்ளை ஒருவன் கொண்டுவந்த இரண்டாவது சாக்கில் சிப்ஸ் உறைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. கைவினைக்குப் பொருள் குறைகிறதே என்று சிறியவன் ஒருவன் கவலைப்பட்டான். "பொருள் இல்லைன்னா அன்னைக்கு விளையாடலாம்டா" என்று பெரியவன் சொன்னான்.

உண்மையில் அப்படி ஒரு சனிக்கிழமை வந்தது. வைகாசி மாதம், நுங்கு விற்கும் தாத்தாவிடம் தின்று முடித்த காய்களைக் கேட்டு வாங்கினோம். இரண்டு காய்களை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, நடுவே கவட்டைக் குச்சியைக் கொடுத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. வெட்டவும் ஒட்டவும் தீட்டவும் ஒன்றுமில்லை. மாலை வரை நூலகத்தைச் சுற்றி ஓட்டிவிட்டு, காய்களை நறுக்கி மாட்டுக்குப் போட்டார்கள்; கவட்டைக் குச்சிகளை மட்டும் அடுத்த ஆண்டுக்காக நூலகத்தின் பரணில் வைத்திருக்கிறார்கள்.